ஈமாக்ஸ் லிஸ்ப் கையேட்டில் எழுத்துப்பிழை கண்டால்

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பானின் நிரல்மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப்பின் கையேட்டில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள், அடுத்து படிப்பவருக்காகத் திருத்திவிடுங்கள். ஈமாக்ஸுக்குள் நீங்கள் படிக்கும் இன்ஃபோ கோப்பில் கை வைக்க வேண்டாம், அது மூலக் கோப்பிலிருந்து தானாக உருவாவது. மூலம் டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவண வடிவில், குனு திட்டங்களின் இணையதளமான சவான்னாவில் உள்ள ஈமாக்ஸின் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தின் டாக் அடைவுக்குள் லிஸ்ப்ரெஃப் என்ற உள்ளடைவில் இருக்கிறது. முழு வாக்கியத்தைத் தேடினால் பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் மூலத்தில் வரி வேறிடத்தில் உடைந்திருக்கும், நடுவில் அட் (@) குறியோடு தொடங்கும் கட்டளைகளும் வரும். அருகிலுள்ள அபூர்வமான ஒரு சொல்லைத் தேடுங்கள். ஏற்கெனவே யாராவது திருத்திவிட்டார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம்: அந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். பத்தியை மறுபடி மடித்து அழகுபடுத்தினால் பத்து வரி மாறியதாகக் காட்டும், சரிபார்ப்பவர் உண்மையான திருத்தத்தைத் தேடித் தவிப்பார். ஃபங்ஷன் பெயர் தப்பாகத் தெரிந்தால் அவசரப்படாமல் ஈமாக்ஸில் ஃபங்ஷனின் விளக்கத்தைக் காட்டும் கன்ட்ரோல்-எச் எஃப் போட்டுப் பாருங்கள், உண்மையான பெயரே அப்படி இருக்கலாம்.

சரி, இன்ஃபோ கோப்பை உருவாக்கும் மேக் இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பிழை வராவிட்டால், மாற்றத்தைக் கிட்டில் பதிந்து (கமிட்), கிட் ஃபார்மட்-பேட்ச் மூலம் ஒட்டுக்கோப்பு (மாற்றத்தைக் காட்டும் கோப்பு) எடுத்து, ரிப்போர்ட்-ஈமாக்ஸ்-பக் கட்டளை திறக்கும் மடலோடு இணைத்து அனுப்புங்கள். இவ்வளவு சின்னத் திருத்தத்துக்குப் பதிப்புரிமையை ஒப்படைக்கும் பத்திரம் எதுவும் கேட்க மாட்டார்கள்.