புகைச் சான்றிதழ் கிடைத்த டீசல் கெப் வாகனத்தை வீதியில் சோதிப்பது எப்படி

இலங்கையில் வாகன வருமான உத்தரவுப் பத்திரத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனையில், பின்தட்டில் சுமை ஏற்றும் டீசல் கெப் வாகனத்தை நிறுத்திவைத்து, கியர் போடாமல் அக்சிலரேட்டரை அழுத்தி, வரும் புகையின் அடர்த்தியையே அளக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளுடன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து நகருக்கு வரும்போது அதே எஞ்சின் என்ன கக்குகிறது என்பதை அந்தச் சான்றிதழ் காட்டாது.

ஆகவே சுமையோடு பாருங்கள். அரை மணி நேரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வாகன நெரிசலற்ற நேரான வயல் வீதியொன்றில் மூன்றாம் கியரில் மெதுவாக வந்து அக்சிலரேட்டரை அழுத்துங்கள். வீதியோரம் பாதுகாப்பாக நிற்கும் ஒருவர் கைபேசியில் படம்பிடிக்கட்டும்.

கரும்புகை தொடர்ந்து வந்தால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். கிரவல் புழுதியும் வைக்கோல் தூசும் எயார் ஃபில்டரை நம் பகுதியில் விரைவாக அடைத்துவிடுவதால், அறுவடை மாதங்களில் கையேடு சொல்லும் தவணைக்குக் காத்திராமல் கழற்றிப் பார்ப்பதே நல்லது. அடுத்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து செல்லும் குழாய்களில் வெடிப்போ எண்ணெய்க் கசிவோ உண்டா என்று தடவிப் பாருங்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் செலவு கூடிய வேலையை இவை இரண்டுக்கும் பிறகே தொடங்குங்கள். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் எஞ்சின் தலைப்பகுதியின் இணைப்பை அடைக்கும் ஹெட் காஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத புகையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. கழிவுப்புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்தால் கரி குறைந்து வண்டி சுத்தமாகிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் எரியறையின் வெப்பம் ஏறுவதால் நுரையீரலைப் புண்ணாக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும், நமது புகைப் பரிசோதனையோ அவற்றை அளப்பதில்லை. அமெரிக்காவில் 2014 இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வுகூடத்தில் தேறிய இரண்டு வோக்ஸ்வாகன் டீசல் கார்கள் வீதியில் அந்த வாயுக்களைச் சட்ட வரம்பைப்போல் 5 முதல் 35 மடங்கு வரை வெளியிட்டது இப்படித்தான், வீதியில் ஓட்டி அளந்தபோதே தெரியவந்தது. ஆதலால் அந்த வால்வை அடைக்காமல் கழற்றிக் கரியை நீக்கச் சொல்லுங்கள்.

கழிவுப்புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய புதிய வாகனங்களுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலையே ஊற்ற வேண்டும். குறுகிய ஓட்டங்களில் அந்த வடிகட்டி சூடேறாமல் அடைபடும். அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வாழைச்சேனைக்கு அப்பால் பொலன்னறுவை வீதியில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வடிகட்டியை வெட்டி எடுத்துவிடச் சொல்லும் கராஜுக்கு இணங்காதீர்கள்.

திருத்தம் முடிந்ததும் அதே வீதியில், அதே சுமையோடு மறுபடி படம்பிடித்து, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.