பழைய தமிழ்க் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கிறதா?

வேர்டு கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வெளியே தெரியும்.

எழுத்தைத் தேர்வு செய்து, ஹோம் பட்டையின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். பெயர் அங்கேயே இருக்கும். பழைய எழுத்துருக் குறியீட்டை மாற்றித் தரும் மென்பொருளான என்எச்எம் கன்வர்ட்டரில் அதே வகையைத் தேர்ந்து, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி, டாம், டாப், டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு. மாற்றித் தேர்ந்தால் வேறொரு குப்பைதான் வரும்.

பலரும் இடறுவது இங்கேதான்: பாமினி போன்றவற்றில் பத்தியின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி இருந்தால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, தமிழ்ப் பகுதிகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். பிறகு எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ போன்ற யூனிகோடு எழுத்துருவாக வையுங்கள்.

பிறருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் நல்லது. சேவ் அஸ் வழியே பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ பெட்டியை டிக் செய்தால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பழைய மூலக்கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒப்பிட்டுச் சரிபார்க்க வேறு வழியில்லை.