நெல் நாற்றில் எம்ஆர்என்ஏ எவ்வளவு நேரம் தாங்குகிறது? அளக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல் மூழ்கும்போது சி.ஆர்.1009 ரகமும் வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப்1 ரகமும் எப்படி வேறுபடுகின்றன என்று கியூபிசிஆரில் (மரபணு நகல்களை அளவிடும் சோதனை) பார்த்தால், ஒரு மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ நகல்) கூடியதா குறைந்ததா என்பது மட்டுமே தெரியும். உற்பத்தி குறைந்ததா, சிதைவு கூடியதா என்பது தெரியாது. எம்ஆர்என்ஏ இருந்தும் ரைபோசோம் (புரதம் கோக்கும் செல் இயந்திரம்) ஏறாமல் கிடப்பதும் உண்டு. ஆக்சிஜன் வற்றிய செல் பல எம்ஆர்என்ஏக்களை அப்படித்தான் ஒதுக்கி வைக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறிய தனித்தனிச் சோதனை வேண்டும்.

நாற்றைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த ஊட்டக்கரைசலில் 14 நாள் வளர்த்தெடுங்கள். கடைமடைப் பகுதியின் போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு, உப்பு அழுத்த மரபணுக்களைத் தூண்டிவிட்டால் கணக்கு முதலிலேயே கெடும். மாதிரியை எல்லா நாளும் ஒரே மணிக்கு எடுங்கள். பல எம்ஆர்என்ஏக்கள் நாளின் நேரத்தோடு ஏறி இறங்கும்.

சிதைவை அளக்க உற்பத்தியை நிறுத்த வேண்டும். அதற்கு ஆர்என்ஏ உற்பத்தியைத் தடுக்கும் மருந்தான கார்டிசெபின் 0.6 மில்லிமோலார் போதும்; 100 மி.லி.க்கு 15 மி.கி. வரும். கரைசலில் பைப்ஸ் (பி.எச். 6.25), சோடியம் சிட்ரேட், பொட்டாசியம் குளோரைடு ஒவ்வொன்றும் 1 மில்லிமோலார், சுக்ரோஸ் 15 மில்லிமோலார். வேர் அல்லது 5 மி.மீ. இலைத் துண்டுகளை முதலில் மருந்தில்லாமல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு 0 நிமிட மாதிரியை எடுத்துவிட்டு, மருந்தைச் சேர்த்து, 5 நிமிடம் வெற்றிடத்தில் இரண்டு முறை இழுங்கள். நெல் இலையில் நீர் ஒட்டாது, 0.01 சதவீதம் ட்வீன் 20 சேர்த்தால் நனையும். 15, 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுத்து உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். மருந்தில்லாத துண்டுகளையும் அதே நேரங்களில் எடுக்க வேண்டும். வெட்டுக்காயமே சில மரபணுக்களை ஏற்றிவிடும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. விரைவில் சிதையும் எம்ஆர்என்ஏ ஒன்றையும் கூடவே அளந்து வாருங்கள். அதுவும் குறையாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை.

ஆர்என்ஏ பிரிப்பது வழக்கம்போலத்தான்: 100 மி.கி. திசுவுக்கு 1 மி.லி. ட்ரைசால், 0.2 மி.லி. குளோரோஃபார்ம், 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம். 260/280 விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்கட்டும். 260/230 குறைந்தால் குவானிடின் உப்பு தங்கியிருக்கிறது. 75 சதவீத எத்தனாலில் மறுபடி கழுவுங்கள். பச்சை இலையின் ஜெல்லில் 25எஸ், 18எஸ் தவிரப் பசுங்கணிகத்தின் ரைபோசோம் பட்டைகளும் தெரியும். அதைச் சிதைவு என்று நினைத்து நல்ல மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள்.

அதிகம் ஏமாற்றும் இடம் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவைப் பார்த்து எழுதும் டிஎன்ஏ நகல்) தயாரிப்பு. செல் ஒரு எம்ஆர்என்ஏவை அழிக்கும்போது, பெரும்பாலும் முதலில் சி.சி.ஆர்.4-நாட் நொதித்தொகுதி பாலி-ஏ வாலை (3' முனையில் உள்ள ஏ எழுத்துச் சரம்) குறுக்கும். அதன் பின்தான் 5' முனையின் காப்புத் தொப்பி கழன்று, 5' முனையிலிருந்து எக்ஸ்.ஆர்.என். வகை நொதி தின்னத் தொடங்கும். 3' முனையிலிருந்து எக்சோசோம் என்ற நொதிக்கூட்டும் தின்னும். ஒலிகோ-டி.டி. பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) வாலைத்தான் பிடிக்கிறது. வால் குறுகியதும் முழு எம்ஆர்என்ஏ இருந்தும் அது கண்ணுக்குப் படாது. அரை ஆயுள் (எம்ஆர்என்ஏ பாதியாகக் குறைய ஆகும் நேரம்) பொய்யாகக் குறையும். போதாததற்குக் கார்டிசெபின் வால் சேர்வதையும் தடுக்கும். ஆகவே ஆர்என்ஏவில் எங்கும் ஒட்டும் ஆறெழுத்துப் பிரைமரான ரேண்டம் ஹெக்ஸாமர் மட்டுமே போடுங்கள்.

இரண்டாவது பள்ளம் ஒப்பீட்டு மரபணு (மாதிரிகளைச் சமன் செய்ய அளவுகோலாக வைப்பது). உற்பத்தி நின்றபின் ஆக்டினும் யூபிக்விட்டினும் கூடக் குறையும். 18எஸ் ஆர்ஆர்என்ஏவைக் கொண்டு சமன் செய்யுங்கள் (அதற்கு மட்டும் சிடிஎன்ஏவை நன்றாக நீர்க்கச் செய்து). இன்னும் நல்லது, அரைக்கும்போதே எல்லா மாதிரியிலும் ஒரே அளவு வெளி ஆர்என்ஏ சேர்ப்பது.

கணக்கு எளிது. பிரைமர் திறன் 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால், சமன் செய்த சி.டி. மதிப்பு (கியூபிசிஆரில் சமிக்ஞை வரம்பைத் தாண்டும் சுழற்சி எண்) ஒன்று ஏற ஆகும் நேரமே அரை ஆயுள். 0 நிமிடத்தில் 22, 40-இல் 23, 80-இல் 24 என்றால் 40 நிமிடம். மருந்து வேலை செய்யச் சற்று நேரமாகும். முதல் புள்ளி கோட்டில் உட்காராவிட்டால் அதை விட்டு, மற்றவற்றில் சரிவைப் போடுங்கள்.

பழுதான எம்ஆர்என்ஏவைக் களையும் செல்லின் தரக்கட்டுப்பாட்டால் ஒரு எம்ஆர்என்ஏ சிதைகிறதா என்று பார்க்க, ரைபோசோமை நிறுத்தும் மருந்தான சைக்ளோஹெக்சிமைடு 20 மைக்ரோமோலாரில் 4 மணி நேரம் வையுங்கள். நிறுத்தக் கோடான் (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) முன்கூட்டியே வந்துவிட்டதை ரைபோசோம் படித்தால்தான் யூ.பி.எஃப்.1 புரதம் அந்த எம்ஆர்என்ஏவை அழிக்கத் துணைபோகும். மொழிபெயர்ப்பு (ரைபோசோம் புரதம் கோப்பது) நின்றால் அந்த எம்ஆர்என்ஏ தப்பிவிடும். கடைசி எக்சான் இணைப்புக்கு (எம்ஆர்என்ஏவில் மரபணுத் துண்டுகள் ஒட்டிய இடம்) 50 முதல் 55 நியூக்ளியோடைடுக்கு மேல் முன்னால் நிறுத்தக் கோடான் விழுந்தாலும், 3' முனையின் மொழிபெயராப் பகுதி மிக நீண்டாலும் சந்தேகப்படலாம். ஆனால் இந்த மருந்து வேறு பல எம்ஆர்என்ஏக்களையும் நிலைக்க வைக்கும். எனவே தனி அளவை நம்பாமல், ஒரே மரபணுவின் பழுதான வடிவத்துக்கும் சரியான வடிவத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். விகிதம் மாறவில்லை என்றால் யூ.பி.எஃப்.1 மேல் பழி போட வழியில்லை.

ரைபோசோம் ஏறியிருக்கிறதா என்பதற்கு 15–60 சதவீத சுக்ரோஸ் அடுக்கில் பாலிசோம் (பல ரைபோசோம் ஏறிய எம்ஆர்என்ஏ) பிரிக்க வேண்டும். அரைக்கும் கரைசலில் சைக்ளோஹெக்சிமைடு, குளோரம்பெனிகால் இரண்டும் 50 மைக்ரோகிராம்/மி.லி. வேண்டும், பின்னது பசுங்கணிக ரைபோசோமை நிறுத்த. ஒரு மாதிரியில் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்து ஓட்டுங்கள். மக்னீசியம் போனதும் பாலிசோம் உடையும். அப்போதும் அடியிலேயே நிற்கும் எம்ஆர்என்ஏ ரைபோசோமில் இல்லை, வேறேதோ கனமான புரதக் கூட்டில் இருக்கிறது. மூழ்கிய நாற்றை வெளியே எடுத்து ஆற அமர நறுக்க வேண்டாம்: காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ரைபோசோம்கள் திரும்ப ஏறிவிடும். தண்ணீருக்குள்ளேயே கத்தரித்து, நொடிகளில் நைட்ரஜனுக்குள் போட்டுவிடுங்கள்.