ஏற்காட்டில் கூடாரம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, "இங்கே விலங்கே இல்லையே" என்று மலையிறங்குகிறவர்கள் நிறைய. அந்த அவசரம்தான் முதல் தவறு. ஏற்காட்டில் யானையையும் புலியையும் தேடிப் பயனில்லை. காட்டெருமை, குரங்கு, பாம்புகள், பறவைகள் ஆகியவைதான் இந்த மலையின் சொத்து. விடிகிற நேரத்தில், காபித் தோட்டத்தை ஒட்டிய பாதையோரமாகப் பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்த கொண்டைக்குருவி தானாகவே கண்ணில் படும். ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அதுவும் கிடைக்காது.

காட்டெருமை விஷயத்தில்தான் ஆட்கள் ரொம்ப அசட்டையாக இருக்கிறார்கள். அமைதியாக மேய்கிறதே, வீட்டு மாடு மாதிரிதானே என்று செல்ஃபிக்குக் கிட்டே போகிறார்கள். வளர்ந்த காளை 1,000 கிலோ வரை எடை இருக்கும். மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்துத் தலை தூக்கினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூச்சைச் சீறி விட்டாலோ, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று காட்டினாலோ அது எச்சரிக்கை. கத்தாமல், கல் எறியாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். தனியாக நிற்கும் காளையிடமும் கன்றோடு இருக்கும் பசுவிடமும் இன்னும் கவனம் தேவை.

அப்புறம், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடுவது. பாசமாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அது பெரிய கெடுதல். தீனிக்காகச் சாலையிலேயே காத்திருந்து வண்டியில் அடிபடுகின்றன. கூடாரத்தில் சாப்பாட்டு வாசனை வந்தால் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளேயும் வரும். உணவுப் பொருளை மூடி வண்டிக்குள் வையுங்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மழைக்குப் பிறகு மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் வெளியே வரும். வால் நுனி வெட்டிவிட்டது போல இருக்கும். விஷமில்லாதவை, யாரையும் கடிக்கப் போவதில்லை. சேர்வராயன் மலைக்கே உரிய இனம்கூட இவற்றில் உண்டு. அதையும் பாம்பென்று அடித்துக் கொல்வது பார்க்கவே வேதனை. எந்தப் பாம்பானாலும் தொடாமல் விலகிவிடுங்கள், அது போய்விடும்.

இடம் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், எஸ்டேட் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். காலியாகத் தெரிகிறது என்று டெண்ட் அடிக்கக் கூடாது. பிப்ரவரி முதல் மே வரை சருகு காய்ந்து கிடக்கும். அப்போது கேம்ப்ஃபயர் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் அனுமதித்த இடத்தில் மட்டும் மூட்டி, தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் கைக்குச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.