தோட்டத்துப் பழைய கம்பிச்சடக்க மறுபடி ஓட வைக்கணுமா? என்ஜினுக்கு முன்னாடி தண்ணி போற வழிய பாருங்க

எங்க ஊரு மலேசியாவுல கீழ்ப் பேராக் பக்கம், செம்பனைத் தோட்டத்த ஒட்டுன சின்ன டவுன். குலை ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போன குட்டி ரயில் லைன் ஒன்னு, லாரியும் டிராக்டரும் வந்ததுக்கப்புறம் பெலுக்கார் (புதர்க்காடு) மண்டி அப்படியே கெடந்துச்சு. அதுல ஒன்றரை கிலோமீட்டர மீட்டு இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு போறோம். பாக்குறவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி என்ஜின் எங்க வாங்குனீங்கன்னுதான். என்ஜின் கடைசி வேலை லா.

மொதல்ல நிலம் யாரோடதுன்னு பாருங்க. தோட்டத்துக்குள்ள போற லைன்னா பெரும்பாலும் கம்பெனி நிலம், மேனேஜர் வாயால சரின்னு சொன்னது போதாது, எத்தனை வருசம், எதுவரைக்கும், அடிபட்டா யாரு பொறுப்புன்னு எழுத்துல வாங்கணும். பழைய கேடிஎம் (மலாயா ரயில்வே) கிளை லைன்னா அந்த நிலம் ரயில்வே சொத்துக் கழகத்துக்கிட்ட இருக்கும், லைன் கைவிட்டதுபோல தெரிஞ்சாலும் அனுமதி இல்லாம உள்ள போகக் கூடாது. மாவட்ட நில ஆபிஸ்ல ‘சாரியான் ரஸ்மி’ (அதிகாரபூர்வ தேடல்) போட்டா கெரான் (நிலப் பட்டா) யாரு பேர்ல இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்படியே ஏழு பேரு சேந்து ஒரு சங்கமா பதிஞ்சிக்குங்க, தனி ஆளா போய் நின்னா எந்த ஆபிஸ்லயும் உக்காரக்கூட சொல்ல மாட்டாங்க. ஆள் ஏத்தி ஓட்டுறதா முடிவு பண்ணுனா தரைப் பொதுப் போக்குவரத்த கவனிக்கிற அப்பாட் ஆபிஸ்கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, எல்லாம் கட்டி முடிச்சிட்டு போய் கேட்டா அப்புறம் பிரிச்சுதான் கட்டணும்.

இப்ப லைன நடந்து பாருங்க. பாராங் கத்தி, டேப், ஒரு கிலோ சுத்தியல், நோட்டு, பூட்ஸ் இவ்வளவுதான் வேணும் (செம்பனைக் காட்டுல நாகம் ஜாஸ்தி, செருப்போட வராதீங்க). எங்ககூட, ரயில் லைன் பராமரிக்கிற கேங்ல வேலை செஞ்சு ஓய்வு வாங்குன ஒரு தாத்தா வந்தாரு. நாங்க கம்பிக்கு அடியில கெடக்குற கட்டைய கண்ணால பாத்து இது நல்லாருக்கு இது சரியில்லன்னு எழுதிட்டிருந்தோம், அவரு ஒன்னும் பேசாம சுத்தியல வாங்கி ஒவ்வொரு கட்டையா தட்டிக்கிட்டே போனாரு. ணங்குன்னு கேட்டா உயிரோட இருக்கு, தொப்புன்னு கேட்டா உள்ள கரையான் தின்னுடுச்சு. மேல பளபளன்னு இருந்த ஒரு கட்டைய, "இத குத்திப் பாருடா தம்பி"ன்னாரு, ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. அன்னைக்கு நாங்க நல்லதுன்னு எழுதி வச்சதுல பாதிக்கு மேல கோடு போட்டு அடிச்சிட்டோம். இந்த மாதிரி ஒரு ஆள் உங்க ஊர்லயும் கண்டிப்பா இருப்பாரு, மொதல்ல அவர தேடுங்க.

அகலம் அளக்குறப்ப தண்டவாளத்தோட உள்பக்க முகத்துலேர்ந்து எதிர்ப்பக்க உள்முகம் வரைக்கும், மேல் பரப்புக்கு ஒரு அரை இஞ்சி கீழ வச்சு அளங்க. கேடிஎம் லைன் 1000 மில்லிமீட்டர், தோட்டத்து லைன் அதவிட சின்னது, தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டாவுல இன்னமும் செம்பனைக் குலைய ஏத்துற லைன் 700. அஞ்சு மீட்டருக்கு ஒருக்கா அளந்து எழுதுங்க, வளைவுல இன்னும் நெருக்கமா அளங்க, ஏன்னா ஆணி தளந்து கம்பி விரிஞ்சு சக்கரம் உள்ள விழுறது அங்கதான். இந்த அளவு கையில இல்லாம பழைய சக்கரம், டிராலி எதுவும் வாங்கிடாதீங்க.

அடுத்தது தண்ணி, இதுலதான் நாங்க அடி வாங்குனோம். கோத்தோங் ரோயோங் (ஊரே சேந்து செய்ற வேலை) வச்சு ரெண்டு ஞாயிறு பெலுக்கார வெட்டி, வெட்டுனத எல்லாம் பக்கத்து பாரிட் வாய்க்கால்லயே தள்ளிட்டோம், நவம்பர் மழையில தண்ணி போக வழியில்லாம லைன் மேல ஏறி ஒரு வாரம் நின்னுச்சு, வடிஞ்சப்ப எழுபது மீட்டருக்கு லைன் அடியில கெடந்த கல்லு எல்லாம் சேத்துக்குள்ள போயிடுச்சு. நம்ம கடலோர மண்ணு களிமண்ணு, ஈரமாச்சுன்னா எவ்வளவு கல்லு கொட்டுனாலும் முழுங்கிடும். அதனால மொதல்ல ரெண்டு பக்க பாரிட்டையும் தூர் வாரி, அடியில போற குழாய் எல்லாத்தையும் தொறந்து விட்டு, ஒரு பெரிய மழை பெஞ்சு தண்ணி எப்படி வடியுதுன்னு பாத்துட்டு அப்புறம் கட்டை மாத்துங்க. செங்கால் கட்டை (நல்ல உறுதியான மரம்) கெடச்சா விடாதீங்க. பழைய கட்டைய மட்டும் எரிக்காதீங்க, அதுல கரையான் வராம இருக்க அடிக்கிற கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும், அந்தப் பொகை நல்லதில்ல.

கம்பி ஜாயின்ட்ல இருக்குற இடைவெளிய பாத்து, துரு தின்ன ஓட்டைன்னு நெனச்சு நெருக்கி வச்சிடாதீங்க. 12 மீட்டர் கம்பி 30 டிகிரி சூடு ஏறுனா ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும், நீள இடம் இல்லன்னா மத்தியானத்துல லைன் பாம்பு மாதிரி வளைஞ்சிடும். கழட்டுன பிஷ்பிளேட் (ரெண்டு கம்பிய சேக்குற தகடு), போல்ட் எல்லாம் பூட்டுன ஸ்டோர்ல வைங்க, வெளிய விட்டா பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்.

ரயிலா ஓட்டணும்னு கட்டாயம் கெடையாது. சிங்கப்பூர்ல 2011-ல கேடிஎம் நிறுத்துன 24 கிலோமீட்டர் வழிய ஜனங்க நடக்குற பாதையா வச்சிருக்காங்க. தென் கொரியாவுல ஜியோங்சன்ல பழைய லைன்ல மிதிச்சு ஓட்டுற வண்டி விட்டிருக்காங்க. சபாவுல 2000-லேர்ந்து வெறகு எரிக்கிற நீராவி என்ஜின சுற்றுலாவுக்கு ஓட்டுனாங்க, ஆனா அது ஆள், காசு ரெண்டும் நெறைய கேக்குற வேலை. சின்ன ஊருக்கு அந்த மாதிரி மிதிச்சு ஓட்டுற வண்டியோ சின்ன டீசல் டிராலியோ போதும்னு நான் நெனைக்கிறேன். வேகம் பத்து கிலோமீட்டருக்கு மேல வேணாம், ஒவ்வொரு வண்டிக்கும் தனி பிரேக், தோட்டத்து சடக்கு (ரோடு) குறுக்க வர்ற எடத்துல கொடியோட ஒரு ஆள், மூனாம் நபர் இன்சூரன்ஸ், இதுல எதையும் கொறைக்காதீங்க.

காசு? 1960-ல, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துல நம்ம தோட்டத்து ஜனங்க பத்துப் பத்து வெள்ளியா போட்டு தோட்டத்தையே வாங்குனாங்க. நாங்களும் அப்படித்தான், கட்டைக்கு ஒரு குடும்பம்னு பிரிச்சோம், குடுத்தவங்க வீட்டுப் பேர பெயின்ட்ல அந்தக் கட்டையிலயே எழுதிட்டோம்.

நிறுத்தத்துக்குப் பலகை வைக்குறப்ப தமிழ்லயும் எழுதுங்க. இந்த நாட்டோட மொத லைன் 1885-ல தைப்பிங்லேர்ந்து போர்ட் வெல்டுக்குப் போட்டது, தண்டவாளம் போய் எவ்வளவோ காலமாச்சு, கோலா செபெத்தாங்ல (போர்ட் வெல்டோட இப்போதைய பேரு) அந்த ஸ்டேஷன் பலகை மட்டும் இன்னும் நிக்குது, அதுல தமிழ் இருக்கு. சப்பான்காரன் காலத்துல தம்பின்–மலாக்கா லைன் கம்பிய பிடுங்கி சயாம்-பர்மா மரண ரயில் லைனுக்குக் கொண்டு போனான், தோட்டத்துலேர்ந்து நம்ம ஆளுங்களையும் கொண்டு போனான். வயசானவங்க அதப் பத்தி வாய் தொறந்தா குறுக்க பேசாம கைப்பேசியில பதிவு பண்ணிக்குங்க, அந்தப் பதிவு லைன்ல இருக்குற ஒரு நிறுத்தத்துல கேக்குற மாதிரி இருக்கட்டும்.

ஓட்டுற நாள்ல காலை ஏழு மணிக்கு மொத வண்டிக்கு முன்னாடி ஒருத்தர் சுத்தியலோட முழு லைனும் நடந்து, எது தொப்புன்னு கேட்டுச்சு, பாரிட்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு நோட்டுல எழுதி கையெழுத்து போடணும். கையெழுத்து இல்லன்னா அன்னைக்கு வண்டி கெடையாது, யாரு வந்து காத்திருந்தாலும் சரி.