விருந்தாளிகளுக்கு ஹம்முஸ்: அரைப்பு ஒன்று, தட்டு நான்கு

கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் சேர்த்து அரைக்கிற ஹம்முஸில் புதிதாக ஏதாவது செய்யலாம் என்றதும் பலர், கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டைக்கடலையோடு மிக்சியில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். அவகாடோ, கொத்தமல்லி, குடைமிளகாய் என்று தொடங்கி இப்போது சாக்லேட் வரை வந்தாயிற்று. நிறம் வரும், ஆனால் கடலையின் ருசியும் எள்ளின் ருசியும் எங்கோ போய்விடும். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் இதைச் சாப்பிட்டே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அடிப்படை அரைப்பை ஒழுங்காகச் செய்துவிட்டு, வித்தியாசத்தை அதன் மேலே போடுகிற பொருளில் காட்டுவார்கள். லெபனான்காரர்களுக்கு இது மானப் பிரச்சினையும்கூட: 2010இல் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள், அந்த எண்ணையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதுதான்.

நாம் எட்டு, பத்துப் பேருக்குச் செய்வோம். முதல்முறை செய்கிறவர்களுக்கும் வரும்.

முதல் நாள் ராத்திரி

வெள்ளைக் கொண்டைக்கடலை 400 கிராம். நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊறவையுங்கள். சோடா எதற்கு என்றால், கடலைத் தோலையும் உள்ளே இருக்கும் பருப்பையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினை அது தளர்த்திவிடும். ஹம்முஸ் நறநறவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் சரியாக வேகாத தோல்தான் காரணம்.

காலையில் வேகவைப்பது

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீரும் அரை டீஸ்பூன் சோடாவும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது, சோடா இருப்பதால் நுரை பொங்கி வால்வை அடைத்துவிடும். ஐந்தாறு விசில், அப்புறம் சிறுதீயில் பத்து நிமிடம். சுண்டலுக்கு வேகவைக்கிற பதம் இதற்குப் போதாது. இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் குழைய வேண்டும், குழையவில்லை என்றால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள், தயங்க வேண்டாம். வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு வடித்து, மூன்றில் ஒரு பங்கு கடலையை முழுதாகத் தனியே வையுங்கள்.

தஹினி

தஹினி என்பது எள்ளை அரைத்த விழுது. கடையில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் எள் இருக்கிற வீட்டில் அது தேவையே இல்லை. தோல் நீக்கிய வெள்ளை எள் 300 கிராம் எடுத்துச் சிறுதீயில் வறுங்கள். வாசம் வந்து, எள் சூடாகி வெடிக்கத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும், சிவந்தால் கசக்கும். ஆறியபின் மிக்சியில் விட்டுவிட்டு அரைத்துக்கொண்டே இருந்தால் முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும், நான்கைந்து ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் விட்டதும் இளகி ஓடும். நல்லெண்ணெய் விட்டால் அதன் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் நான் விடுவதில்லை.

அரைப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஐந்து பல் பூண்டைத் தட்டி, கால் கப் எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஒரு சிட்டிகை உப்புடன் பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பில் கிடக்கும் பூண்டுக்குக் காரம் ஏறாது, வாசம் மட்டும் சாற்றில் இறங்கும். அந்தச் சாற்றை வடிகட்டி மிக்சியின் பெரிய ஜாரில் ஊற்றி, முக்கால் பங்கு தஹினியைச் சேர்த்து ஒரு சுற்று சுற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்த தஹினி திடீரென்று இறுகிச் சுண்ணாம்பு மாதிரி கட்டிதட்டும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் ஆகும். ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக்கொண்டே சுற்றினால், ஒரு கட்டத்தில் கட்டி உடைந்து, நிறம் வெளுத்து, பளபளவென்று க்ரீமாக மாறும். ஏறத்தாழ அரை கப் தண்ணீர் பிடிக்கும்.

இனி வெதுவெதுப்பாக இருக்கும் கடலையைப் போடுங்கள். ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சீரகப்பொடி சேர்த்து, மிக்சி சூடாகாமல் நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு நிமிடம் அரையுங்கள். கெட்டியான இட்லி மாவுப் பதத்தில் நிறுத்த வேண்டும், தட்டில் ஆறும்போது தானாக இறுகும். இறுக்கமாகத் தெரிந்தால் எடுத்துவைத்த கடலைத் தண்ணீர் கொஞ்சம் விடலாம். ருசி பார்த்து உப்பும் எலுமிச்சையும் சரிசெய்துவிட்டு, ஒரு ஈரத் துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

தட்டுகள்

கிண்ணத்தில் குவிக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் வட்டமாக ஒரு வாய்க்கால் இழுத்தால், மேலே ஊற்றுகிற எண்ணெய் அதில் தேங்கும், ஒவ்வொரு வாய்க்கும் எண்ணெய் கிடைக்கும்.

முதல் தட்டு பெய்ரூட்டி, அதாவது லெபனான் தலைநகர் பெய்ரூட் பாணி. பார்ஸ்லி இலை, பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பிசறி மேலே போடுங்கள். அங்கே இதை அரைப்போடு கலந்தும் பரிமாறுவார்கள். காரம் தேடுகிற நம் ஆட்களின் கை முதலில் இதற்குத்தான் போகும்.

இரண்டாவது, எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, முசப்பஹா. இதில் அரைப்பு குறைவு, முழுக்கடலைதான் அதிகம். தனியே வைத்த கடலையில் பெரும்பகுதியைச் சுடவைத்து, மீதித் தஹினியை எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் கடலைத் தண்ணீர் விட்டு இளக்கி அதன் மேல் ஊற்றி, கரண்டியால் அங்கங்கே ஓரிரு முறை மசித்துவிட்டு, அடியில் ஒரு கரண்டி ஹம்முஸ் வைத்த தட்டில் கொட்டுங்கள். சீரகப்பொடி, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய். சூடாகத்தான் சாப்பிட வேண்டும், அதனால் விருந்தாளிகள் உட்கார்ந்தபிறகு செய்யுங்கள்.

மூன்றாவது ஹம்முஸ் பி லஹ்மே, கறி போட்டது. ஆட்டுக்கறிக் கைமா 250 கிராம், நறுக்கிய வெங்காயம், உப்பு, மிளகு, அரை டீஸ்பூன் பட்டைப்பொடி, இவ்வளவுதான். நெய்யில் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலாப் பக்கம் கை போகும், போகவிடாதீர்கள், போட்டால் அது சுக்கா ஆகிவிடும். மேலே நெய்யில் வறுத்த பைன் கொட்டை தூவ வேண்டும், விலை கட்டுப்படியாகாவிட்டால் சீவிய பாதாம் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வந்தால் இந்தத் தட்டை மேஜையின் ஒரு கோடியில் தனிக் கரண்டியோடு வையுங்கள்.

நான்காவதாக, குழந்தைகளுக்குப் பீட்ரூட். இதை மட்டும் சேர்த்து அரைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பீட்ரூட்டும் தஹினியும் லெபனானிலும் சிரியாவிலும் ஏற்கெனவே பழகிய ஜோடி. சின்னப் பீட்ரூட் ஒன்றைத் தோலோடு வேகவைத்து உரித்து, ஈரம் துடைத்து, இரண்டு கப் ஹம்முஸோடு அரைத்தால் போதும். இனிப்பைச் சமன்செய்ய எலுமிச்சை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குக் குப்பூஸ் ரொட்டி கிடைக்கும். மற்றவர்கள் பீட்டா ரொட்டியோ மெல்லிய நானோ சூடுபண்ணிக்கொள்ளலாம். கூடவே பச்சை வெங்காயத் துண்டு, வெள்ளரி, ஆலிவ், வினிகரில் போட்ட ஊறுகாய். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மீந்த ஹம்முஸ் ஃபிரிட்ஜில் மூன்று நாள் நிற்கும், சாப்பிட அரை மணி முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். மீந்த ரொட்டி, கடலை, தஹினி இருந்தால் மறுநாள் காலைக்கு டமாஸ்கஸ் பக்கத்து ஃபத்தே செய்யலாம்: ரொட்டியைப் பிய்த்து மொறுமொறுப்பாக வறுத்துத் தட்டில் போட்டு, மேலே சுடுகடலை, அதன் மேல் பூண்டும் தஹினியும் கலந்த கெட்டித்தயிர், கடைசியாகக் கொதிக்கிற நெய்யில் பாதாம் பொரித்து அப்படியே ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்பே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ரொட்டி நமத்துவிடும்.