கல்யாண ஏற்பாட்டுத் தொழில்: புதிதாக இறங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

திருமண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வருகிறவர்களை இழுத்து வருவது பெரும்பாலும் மேடை, பூ, விளக்கு மேல் உள்ள ஆசைதான். அதனால் முதல் செலவு லோகோவுக்கும் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் போய்விடுகிறது. ஒப்பந்தப் படிவம் என்று ஒன்று வேண்டும் என்ற நினைப்பே முதல் சண்டைக்குப் பிறகுதான் வருகிறது. அலங்காரம் கொஞ்சம் சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். பணத்திலும் பொறுப்பிலும் குழப்பம் வந்தால் மன்னிக்கவே மாட்டார்கள்.

"கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்" என்று முதல் சந்திப்பில் சொல்லிவிடுவது சுலபம். கேட்பவர், உறவினர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது முதல் தையல்காரரிடம் உடை வாங்கி வருவது வரை உங்கள் தலையில் என்று நினைத்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. ஒப்பந்தத்தில் "திருமண ஒருங்கிணைப்பு" என்று ஒற்றை வரி இருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். "மண்டபம், சாப்பாடு, புகைப்படம் மூன்றுக்கும் தலா 3 பேரைப் பரிந்துரைப்போம், 6 நேரடிச் சந்திப்புகள், திருமண நாளில் எங்கள் ஆட்கள் 2 பேர், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, அதற்கு மேல் மணிக்கணக்கில் தனிக் கட்டணம்" என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

யார் சொல்வது இறுதி முடிவு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போட்டது மணப்பெண்ணாக இருக்கும், பணம் கொடுப்பது அப்பாவாக இருக்கும், பூவின் நிறத்தை மாற்றச் சொல்லி ராத்திரி 11 மணிக்கு அழைப்பது அத்தையாக இருக்கும். இரு வீட்டாரும் சேர்ந்து ஒருவரைச் சொல்லட்டும். மாற்றம் எதுவானாலும் அவரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி.

அடுத்தது கட்டணம். பக்கத்தில் இருப்பவர் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் வேலை வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். உங்கள் மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். 8 மாதம் நீளும் ஒரு கல்யாணத்துக்கு வாரம் 4 மணி நேரம் என்றாலே ஏறக்குறைய 140 மணி நேரம். கடைசி வாரத்துக்கு 40. திருமண நாளில் 2 பேர், ஆளுக்கு 16 மணி நேரம். மொத்தம் 212 மணி நேரம். வாங்கும் தொகையில் போக்குவரத்து, போன், உதவியாள் சம்பளம், வரி எல்லாம் கழித்து, மீதியை 212 ஆல் வகுத்தால் வரும் எண் சிலருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு: வாடிக்கையாளருக்கு நீங்கள் எவ்வளவு மிச்சப்படுத்துகிறீர்களோ அவ்வளவு உங்கள் வருமானம் குறையும். தொடக்கத்தில் நிலையான தொகைதான் நல்லது என்பேன்.

அலங்காரக்காரரோ சமையல்காரரோ உங்களுக்குக் கமிஷன் தர முன்வருவார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வாங்கினால் வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தொகையை அவர் பில்லில் கழித்துவிடுங்கள். மறைத்து வாங்கியது என்றைக்காவது வெளியே வரும், அன்றோடு அந்தக் குடும்பத்தின் வழியாக வரவேண்டிய அடுத்த பத்துக் கல்யாணமும் போய்விடும்.

இதையெல்லாம்விட ஆபத்தான பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் இன்னொரு கல்யாணத்தின் பாக்கியை அடைப்பது. முகூர்த்த மாதங்களில் பணம் சுழன்றுகொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது. சீசன் முடிந்து புதிய முன்பணம் வராமல் நின்றதும் பள்ளம் தெரியும். அதற்குள் பாடகருக்கும் மண்டபத்துக்கும் தரவேண்டியது உங்கள் தலைமேல் நிற்கும். விற்பனையாளர்களுக்கான தொகையை வாடிக்கையாளரே நேரடியாகக் கொடுக்கட்டும். முடியாவிட்டால் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டணத்தின் கடைசித் தவணை திருமணத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். முடிந்த பிறகு வசூலிக்கப் போனால் குறைகளின் பட்டியல்தான் முதலில் நீளும்.

ரத்தும் தள்ளிவைப்பும் வேறுவேறு. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்கக் கல்யாணங்கள் தள்ளிப்போயின, முன்பணம் யாருக்கு என்ற சண்டையும் கூடவே வந்தது. எவ்வளவு நாளுக்கு முன் ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தேதி மாற்றினால் என்ன, அரசு உத்தரவால் நின்றால் என்ன என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நிகழ்ச்சி நிரலைக் காலையிலிருந்து முன்னோக்கி எழுதுவதும் புதியவர்கள் செய்வது. பின்னாலிருந்து வாருங்கள். மாலை 4.30க்குக் குடும்பப் படம் என்றால் 4.15க்கு எல்லாரும் அங்கே நிற்க வேண்டும், 3.45க்கு ஒப்பனை முடிய வேண்டும், அப்படியென்றால் ஒப்பனைக் கலைஞர் எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்பது தானே கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். அப்புறம் மின்சாரம்: ஒலிக்கருவி, விளக்கு, சமையலறைச் சாதனங்கள் எல்லாம் ஒரே இணைப்பில் ஏறினால் சரியாகப் பாட்டு தொடங்கும் நேரத்தில் ஃபியூஸ் போகும். ஒவ்வொருவரிடமும் எத்தனை வாட் என்று கேட்டுக் கூட்டி, மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

நண்பர்களுக்கு இலவசமாகச் செய்வதென்றால் அதற்கும் ஒப்பந்தம் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வேண்டாம், ஆள் பலம் வரும்வரை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் நடத்துவார் என்பதற்கு ஒரு பெயர் கையில் இருக்கட்டும், அவரிடம் முழுக் கோப்பும் இருக்கட்டும்.

கடைசியாகப் படங்கள். அழகாக வந்த மேடையை இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிடக் கை துடிக்கும். மணமக்கள், புகைப்படக்காரர் இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள். படத்தின் உரிமை யாரிடம் என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வேறொருவர் செய்த அலங்காரத்தை உங்களுடையதாகப் போடுவது சொல்லவே வேண்டாம், அந்த அலங்காரக்காரரும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.